ஜோடி பாஸ்

பூங்கா டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் ஒரு பெரியவரும் ஓர் அம்மாளும் எலியும் பூனையுமாக மல்லுக்கட்டினார்கள்.

“வாராவாரம் ஒரு பூந்தோட்டம் பார்க்கப் போறோம். எல்லாத் தோட்டத்துக்கும் சேர்த்து வருஷ பாஸ் எடுத்தாதான் லாபம்” என்றார் பெரியவர்.

“தூறல் விழுந்தாலே தும்மல் போடுற ஆளு நீங்க. பாதி நாள் வரவே மாட்டீங்க. பாஸ் தண்டம்!” அந்த அம்மாள் விடவில்லை.

எத்தனை வருஷத் தாம்பத்தியமோ! கிளார்க்குக்குச் சிரிப்பு வந்தது. “தம்பதிகளுக்கு ஜோடி பாஸ் இருக்கு சார். பாதி விலை. கல்யாணச் சான்றிதழ் காட்டினா போதும்.”



“நாங்க... ரயில்ல பழக்கம். இவங்க எனக்கு எதிர் சீட்” என்று இழுத்தார் பெரியவர்.

கிளார்க் நாக்கைக் கடித்துக்கொண்டார். “மன்னிச்சுக்கங்க. தனித்தனி பாஸ் போடட்டுமா?”

“வேணாம்” என்ற அம்மாள், பெரியவர் பக்கம் திரும்பினாள். “பாதி விலைன்னா ஏன் விடணும்? அந்தச் சான்றிதழ் கைக்கு வர எத்தனை நாளாகும்னு கேளுங்களேன்!”