கூண்டின் எடை

அமெரிக்காவின் மொன்டானாவில் கிரிஸ்லி கரடியைப் பிடிக்க வைத்த சக்கரக் கூண்டின் கதவு விழுந்து மூடியிருந்தது. உள்ளே கட்டிய மான் தொடையில் எலும்புதான் மிச்சம். கரடி இல்லை. ஆனால் வண்டியில் கோத்து இழுத்துப் போனபோது எடைமேடை வெறுங்கூண்டைவிட முந்நூறு கிலோ கூடுதலாகக் காட்டியது.

"எடை இருந்தா கரடிதான்டா. வழக்கம்போல தூரக் காட்டுல விட்டுருவோம்," என்றான் வனத்துறையில் என்னோடு வேலை பார்க்கும் கர்ட்.

காட்டில் வண்டிக் கதவுகளைப் பூட்டிக்கொண்டு, உள்ளிருந்தே கயிற்றை இழுத்துக் கூண்டைத் திறந்தோம். எதுவும் வெளியே வரவில்லை. கூண்டு மட்டும் ஸ்பிரிங்கில் ஒரு சாண் எழும்பியது.

"அப்பாடா, இறங்கிருச்சு," என்றான் கர்ட்.

பிறகு எங்கள் வண்டி பின்பக்கம் தாழ்ந்தது.

"கர்ட், நாம இறங்கிடலாமா?"

"கரடி வெளிய இருக்கறப்ப கதவைத் திறக்கக் கூடாதுடா. அதான் விதி."

என் பிடரியில் வெதுவெதுப்பாக மான்கறி வாடை அடித்தது.