பொட்டுக்கு அடியில் பச்சை

கம்பெனியில் அடித்த பெயின்ட் நகக்கண் அளவாவது மிஞ்சியிருந்தால் என் மோட்டார்சைக்கிள் பழைய வண்டிகள் கண்காட்சிக்குப் போகும். இல்லையென்றால் சாயங்காலமே காயலான் கடைக்கு. இது என் மனைவியின் தீர்ப்பு. கண்காட்சி சார்பில் சோதிக்க வந்த ஜெர்வாஸ் டேங்கைச் சுரண்டினார். கறுப்பு, சிவப்பு, நீலம், கடைசியில் வெறும் தகரம். "எல்லாம் இங்க அடிச்சது சார்."

ஆயுதபூஜைச் சந்தனப் பொட்டைக் காட்டினேன். வருஷாவருஷம் பொட்டின்மேல் பொட்டு வைத்து அடை கனத்துக்கு ஏறியிருந்தது. சாமி குற்றத்துக்குப் பயந்து பெயின்டர்கள் அதைச் சுற்றியே அடித்திருந்தார்கள். ஜெர்வாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெயர்த்தார். பளபளவென்று பச்சை!

"ஐயோ சார், ஒரிஜினல்! கம்பெனிப் பச்சை!" என்று கூவித் தொட்டவர், பச்சையான விரலை என் மனைவியிடம் நீட்டினார். "அம்மா, இன்னும் காயலைங்க!"

அவள் விரலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"சந்தனம் குளிர்ச்சியாச்சே, எப்படிக் காயும்?" என்றேன்.