ஜெர்மனிதான் உசத்தி

"படிச்சா ஜெர்மனியிலதான்டி படிக்கணும். இங்க படிச்சுட்டு என்னத்தைக் கிழிக்கப் போற?"

ருமேனியாவின் க்ளூஜ் மருத்துவப் பல்கலைக்கழக அலுவலகத்தின் நடையில் நின்றபடி வியோரிகா மகளைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தாள். இலிங்காவின் அசல் பள்ளிச் சான்றிதழ் அவள் கைப்பையில் இருந்தது. மதியத்துக்குள் அதை ஜன்னலில் கொடுத்தால் மகளுக்கு டாக்டர் சீட்டு உறுதி. இல்லையென்றால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"ராப்பகலா படிச்சு வாங்கின சீட்டும்மா. ஜெர்மனியில யாரு எனக்கு எடுத்து வெச்சிருக்கா?"

வியோரிகாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவள்தான் எல்லா நாட்டையும் அலசிவிட்டாளே. ஆசிரியைப் பட்டம் வாங்கிய தங்கை இத்தாலியில் யார் வீட்டுக் கிழவியையோ குளிப்பாட்டுகிறாள். கணக்கில் புலியான மைத்துனன் ஸ்பெயினில் ஸ்ட்ராபெரி பறிக்கிறான். உள்ளூர் லட்சணத்தைக் கேட்கவே வேண்டாம், மேல்வீட்டு இஞ்சினியர் டாக்ஸி ஓட்டுகிறார். ஜெர்மனி ஒன்றுதான் உருப்படியான நாடு. சுவரிடம் சொல்லியிருந்தால்கூட இந்நேரம் தலையாட்டியிருக்கும்.

"குறுக்க பேசறேன்னு நினைக்காதம்மா. உங்க அம்மா சொல்றது நூத்துக்கு நூறு சரி."

எதிர் பெஞ்சிலிருந்த பெண்மணி எழுந்து வந்தாள். பெயர் ஹெர்த்தா. ருமேனியாவிலேயே சிபியு ஊரில் தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மன் குடும்பத்துப் பெண், சின்ன வயதிலேயே ஜெர்மனியின் நியூரம்பெர்குக்குக் குடிபோனவள். ருமேனிய மொழி இன்னும் சரளமாக வந்தது. அங்கே பேராசிரியர்கள் எப்படி, ஆய்வுக்கூடங்கள் எப்படி, படிப்பு முடியுமுன்பே ஆஸ்பத்திரிகள் எப்படிக் கொத்திக்கொண்டு போகின்றன என்று அவள் அடுக்க அடுக்க, வியோரிகாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அங்க சீட்டு அவ்வளவு சுலபமா கிடைக்குமா ஆன்ட்டி?" என்றாள் இலிங்கா.

"உன்னை மாதிரி புத்திசாலியை விட்டுடுவாங்களா? கண்ணை மூடிட்டுப் போ."

"கேட்டியா? அங்கயே இருக்கறவங்க சொல்றாங்க."

இலிங்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வாரமாக இதே பேச்சு. "இனிமே என்னால கத்த முடியாதும்மா. என்னவோ பண்ணிக்கோ."

வியோரிகா அவள் கையைப் பிடித்து விறுவிறுவென்று ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். சீட்டு வேண்டாம் என்றாள். நன்றாக யோசித்தீர்களா என்று எழுத்தர் இரண்டு தடவை கேட்டார். இலிங்கா அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

நன்றி சொல்லலாம் என்று வியோரிகா திரும்பினால், பெஞ்சு காலி. ஹெர்த்தா அதற்குள் அவளை இடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டாள், தன் மகனையும் முன்னால் தள்ளிக்கொண்டு.

"காத்திருக்கறதுல அடுத்தவன் என் பையன்தான் சார், இந்தாங்க சான்றிதழ். மூணு வருஷமா ஜெர்மனியில சீட்டுக்கு அலைஞ்சு அலைஞ்சு ஓய்ஞ்சே போயிட்டோம்."