இடம் மாறினாலும்

"நிரூபிச்சாச்சா, இல்ல வெறுங்கையோட வந்து நிக்கிறியா?"

கட்டிலில் கிடந்த வீப்கே கேட்டாள். குரலில் பாதி மூச்சுதான். எக்கார்ட் மழையில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நிரூபிச்சாச்சு."

பொய்.

கோடுகளும் தளங்களும் ஒன்றையொன்று எத்தனை இடத்தில் சந்திக்கும் என்று கணக்குப் போடுவது எக்கார்டின் பிழைப்பு. படிக்கட்டு மாதிரி அடுக்கிய கட்டங்களில் எண்களை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று எண்ணுவது வீப்கேயின் பிழைப்பு. இரண்டுக்கும் நடுவே பாலம், சமச்சீர் சார்புகள். அவற்றிலுள்ள மாறிகளில் எதை எதோடு இடம் மாற்றிப் போட்டாலும் மதிப்பு மாறாது. எளிய வகைகளில் அவன் விடையும் அவள் விடையும் ஒன்றே என்பது பழைய சேதி. எல்லா வகையிலும் ஒன்றே என்பது வீப்கே இளவயதில் சொன்ன ஊகம். ரைன் நதிக்கரைப் பல்கலைக்கழகத்தில் அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்து, அதற்காகவே இருவரும் தலை நரைத்தார்கள்.

போன வாரம் கணினி ஒரு பெரிய உதாரணத்தைப் போட்டுக் காட்டியது. அவன் விடை அவள் விடையைவிட ஒன்று கூடுதல். அந்த ஒன்றில் ஊகம் செத்துப்போனது.

சாகப்போகிறவளிடம் அதை எந்த வாயால் சொல்வது?

"என்ன யோசனை? அந்த அலமாரிக் கதவுல எழுது. உதாரணமெல்லாம் வேண்டாம், நேரா நிரூபணத்துக்கு வா."

அவனுக்கு உயிர் வந்தது. உதாரணம் பார்க்காமல் ஒரு வரிகூட நம்பாதவள். நோய் எதையெல்லாம் தின்றுவிட்டது!

கோட்டுப் பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸை எடுத்து, கருநீலக் கதவில் மளமளவென்று எழுதினான்.

"மெதுவாடா. ரயிலா பிடிக்கப் போற?"

"உன் நர்ஸ் வந்து விரட்டுவா."

"விரட்டட்டும். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறின குப்பைதான்."

நிரூபணத்தில் ஓட்டை இருந்த வரியில் அவள் கண் நின்றது. நகரவே இல்லை.

"அழகா இருக்கு" என்றாள்.

எலும்பாய்ப் போன கையை நீட்டி, மடக்கிய விரல்களால் பக்கத்து மேசையைத் தட்டினாள். டக், டக், டக். அந்த ஊர் வகுப்பறைகளில் உரை முடிந்ததும் எல்லாரும் கைதட்டாமல் பெஞ்சைத் தட்டுவார்களே, அதே தட்டு.

"போதும். இனிமே நீ இந்தக் கணக்கைத் தொடக்கூடாது. பேரப்பிள்ளைங்களோட இரு. சத்தியம் பண்ணு."

பண்ணினான். கதவைத் துடைத்துவிட்டு வெளியே வந்தவன், நடைச் சுவரில் சாய்ந்து அழுதான். வாழ்நாளெல்லாம் அவளிடம் சொன்ன ஒரே பொய்.

நர்ஸ் திராகனா தண்ணீரோடு வந்தாள்.

"அழாதீங்க புரொபசர். தட்டுற சத்தம் எனக்கும் கேட்டுச்சு. அப்போ அந்தக் கணக்கு சரியாயிடுச்சா?"

"எந்தக் கணக்கு?"

"போன மாசம் மடியில கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு, 'ஒண்ணு குறையுதே, எல்லாம் போச்சே'ன்னு ராத்திரி முழுக்க அழுதாங்களே, அதுதான். 'எக்கார்டுக்கு மட்டும் தெரியவே கூடாது திராகனா, அவன் தாங்கமாட்டான்'னு என்கிட்ட சத்தியம்கூட வாங்கினாங்க."