மேற்பார்வை: அப்பா

மூன்றாவது முறையாகப் பொம்மையைக் காணவில்லை.

"முதல் தடவை செருப்பு அலமாரி. ரெண்டாவது தடவை வாஷிங் மெஷின். இப்ப எங்க வெச்சிருக்க?"

கேள்வி மகள் பட்டாணிக்கு. அவளுக்கு மூன்று வயது ஆக நாலு மாதம் பாக்கி. அப்பா இப்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டால் அவள் விட்டத்தைப் பார்ப்பாள். இப்போதும் பார்த்தாள்.

இன்னும் ஐந்து வாரத்தில் வீட்டுக்கு ஒரு பாப்பா வரப் போகிறது. பெரியவள் அதைக் கிள்ளாமல், கடிக்காமல், ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்பதுதான் அப்பாவின் கவலை. அவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடித்தால் எந்தப் படி வழியாக இறங்க வேண்டும் என்று எண்ணூறு பேரைப் பழக்கியவர். பெற்ற பிள்ளையைப் பழக்க முடியாதா என்ன?

அதனால் வீட்டில் தினமும் பாப்பா ஒத்திகை. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. பொம்மையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, செல்போனில் குழந்தை அழும் சத்தத்தை வைப்பார். உடனே அவரவர் வேலையை அவரவர் செய்ய வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது.

அம்மா: தூக்குதல், தட்டிக் கொடுத்தல், டயப்பர் மாற்றுதல்.

அக்கா: டயப்பர் எடுத்து வருதல், சத்தம் போடாதிருத்தல்.

அப்பா: மேற்பார்வை.

கீழே சிவப்பு மையில், 'எக்காரணம் கொண்டும் பாப்பாவைத் தனியே விடக் கூடாது.' படிக்கத் தெரியாத பட்டாணி இதை மட்டும் மனப்பாடமாகச் சொல்வாள்.

மேற்பார்வை நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையில் கடிகாரத்துடன் நடக்கும்.

"நேத்து நாற்பது வினாடி. இன்னிக்கு அம்பத்திரண்டு. ஏன் இவ்வளவு லேட்?" என்று முந்தின நாள்தான் மனைவியைக் கேட்டிருந்தார்.

"இந்த வயித்தைத் தூக்கிட்டு எந்திரிக்கணும்ல. இடுப்பு விட்டுப் போகுது," என்றாள் அவள். "அப்பாவுக்கு வேற வேலையே எழுதலையா?"

"யாராவது ஒருத்தர் தள்ளி நின்னு பார்க்கணும். அப்பத்தான் தப்பு தெரியும்."

"தள்ளி உட்கார்ந்தாலும் தெரியுமா?"

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்றைக்குப் பொம்மையே இல்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், அழுக்குத் துணிக் கூடையில் எல்லாம் தேடியாயிற்று. பொம்மை கிடைக்கும் வரை ஒத்திகை ரத்து என்று அறிவித்தார். முந்தைய இரண்டு தடவை போலவே மனைவி மறுபேச்சில்லாமல் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொறாமை," என்றார் அவர், பையைத் தோளில் மாட்டியபடி. "விளையும் பயிர் முளையிலேயே தெரியும்னு சும்மாவா சொன்னாங்க."

பதினொரு மணிக்குத் தொழிற்சாலையின் கூட்ட அறையில், நாற்பது பேர் முன்னால், பாடக் குறிப்புகளை எடுக்கப் பையைத் திறந்தார். ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் பொம்மை படுத்திருந்தது. புது டயப்பர் கட்டி, கைக்குட்டையால் கழுத்து வரை போர்த்தியிருந்தது.

முன்வரிசையில் மேனேஜர். "அது எதுக்கு சார்?"

"முதலுதவிப் பயிற்சிக்கு."

சொல்லிவிட்ட பிறகு தப்ப முடியுமா? அரை மணி நேரம் பொம்மைக்கு முதலுதவி செய்தார். பொம்மை பிழைத்துக்கொண்டது. நாற்பது பேரும் கை தட்டினார்கள். அவமானம் தாங்காமல் அதைத் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

சாயங்காலம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மகளைக் கண்டிக்க வேண்டியதை மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தார். சாவி போட்டுக் கதவைத் திறந்தார். மனைவி சோபாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை பட்டாணியின் கவுனைப் பிடித்திருந்தது. பட்டாணி தரையில் உட்கார்ந்து, உதட்டில் விரல் வைத்தாள்.

"ஷ்ஷ். அம்மா தூங்கறாங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். கோபத்தைத் தாழ்த்தவில்லை. "பாப்பாவ என் பையில வெச்சது யாரு?"

"நான்."

"நிஜப் பாப்பா வந்தாலும் இப்படித்தான் வெளிய அனுப்புவியா? பாப்பா வேணாமா உனக்கு?"

"வேணும்."

"அப்புறம் ஏன்?"

"பாப்பா அழுதா அம்மா எந்திரிக்கணும். அம்மாவுக்கு இடுப்பு வலிக்கும். பாப்பா இல்லன்னா அம்மா தூங்குவாங்க." கவுனை மெல்ல விடுவித்துக்கொண்டு எழுந்து, செருப்பு அலமாரியைக் காட்டினாள். பிறகு வாஷிங் மெஷினைக் காட்டினாள். "அங்க பாப்பா தனியா இருந்துச்சு. தனியா விடக் கூடாதுல்ல? அதான் அப்பாகிட்ட குடுத்தேன்."

பஸ்ஸில் எழுதி வந்ததில் ஒரு வரிகூட அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பட்டாணி அவர் பையைத் திறந்தாள். ஹெல்மெட்டைத் தூக்கிப் பார்த்தாள். அடியிலும் கைவிட்டுத் துழாவினாள்.

"அப்பா, பாப்பா எங்க?"

ஒரு ஷூவைக் கழற்றியிருந்தவர், அதை மறுபடி மாட்டிக்கொண்டார். மனைவி எழுந்துவிடாமல் பட்டாணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

தொழிற்சாலை வாசலில் காவலாளி ஓடி வந்தார். "என்ன சார், குழந்தையோட வந்திருக்கீங்க? ராத்திரி ஷிஃப்டுக்கும் ஒத்திகையா?"

"ஒத்திகை இல்லப்பா," என்றார் பாதுகாப்பு அதிகாரி. "இன்னொண்ணைத் தனியா விட்டுட்டுப் போயிட்டேன்."