கழுவிய கூண்டுகள்

அவள் சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கி, ஆய்வுக்கூடத்து மேல்தட்டின் கடைசிக் கூண்டுக்குள் இறக்கினாள்.

உள்ளே ஒரு மாதமாகத் தனியாக இருந்தவன் திரும்பினான்.

பெனிட்டா மேடம் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டார்.

பத்து நிமிடம். எத்தனை கடி என்று எண்ண வேண்டும்.

வந்தவன் மூலையில் ஒடுங்கினான். இருந்தவன் கிட்டே போனான். முகர்ந்தான்.

பிறகு விலகிப் போய்த் தண்ணீர் குடித்தான்.

பத்து நிமிடம் முடிந்தது. ஒரு கடி இல்லை.

மேல்தட்டில் ஆறு கூண்டுகள். ஆறிலும் இதேதான்.

கீழ்த்தட்டிலும் ஆறு. காலையில் அங்கே இறக்கியவற்றைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றின் முதுகில் தோல் கிழிந்து தொங்கியது. கையுறையையும் தாண்டி அவள் விரலில் ஒரு பல் இறங்கியது.

கீழே இருப்பவற்றுக்கு ஊசியில் வெறும் உப்புத் தண்ணீர். மேலே இருப்பவற்றுக்கு மேடத்தின் மருந்து.

மேடம் தன் வழிகாட்டிப் பேராசிரியருக்குக் குரலில் சேதி அனுப்பக் கைப்பேசியை வாயருகே பிடித்துக்கொண்டார்.

"சார், மருந்து பிடிச்சிட்டு சார். ஆறுக்கு ஆறு. ஒண்ணுகூடக் கடிக்கல."

அனுப்பியாகிவிட்டது.

கதவோரம் முதலாண்டு மாணவிகள் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். மேடம் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"மூளையில செரோட்டோனின்னு ஒரு ரசாயனம் இருக்கு. அது போய் உக்கார்ற இடந்தான் ஏற்பி. என் மருந்து அதே இடத்துல போய் உக்காரும். உக்காந்துச்சுன்னா வெறி அடங்கிரும்."

மாணவிகள் எழுதிக்கொண்டார்கள்.

அவள் கடிபட்ட விரலை முந்தானையில் சுற்றியபடி தரையைப் பார்த்தாள்.

முந்தின நாள், புதன்கிழமை. மேடம் ஊருக்குப் போயிருந்தார். அதிகாரிகள் குழு பார்வையிட வருகிறது என்று கண்காணிப்பாளர் ஓடிவந்தார். கண்ணில் படுவதையெல்லாம் கழுவு என்றார்.

கண்ணில் படுவது மேல்தட்டு.

அங்கே மஞ்சள் அட்டை தொங்கியது. சோதனை முடியும்வரை கழுவக் கூடாது, உமியை மாற்றக் கூடாது என்று அர்த்தம். அவள் அட்டையைப் பார்த்தாள். கண்காணிப்பாளரின் குரல் அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

ஆறு கூண்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். புது உமி பரப்பினாள்.

தன் மூத்திர நாற்றம் இருந்தால்தான் சுண்டெலி அதைத் தன் வீடென்று நினைக்கும். தன் வீடென்று நினைத்தால்தான் வந்தவனைக் கடிக்கும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு வருடமாகக் கூண்டு கழுவுகிறாள்.

சொன்னால் வேலை போகும். போன மாதம் தண்ணீர்ப் புட்டி ஒழுகியதற்குச் கூட வேலை பார்த்த செண்பகத்தைப் பற்றி மேடம் மேலிடத்துக்கு ஒரு வரி எழுதினார். மறுநாள் செண்பகம் வரவில்லை.

"மேடம், இந்த மருந்த மனுசங்களுக்குப் போட்டா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"எங்க அத்தைக்குத்தான் முதல் ஊசி" என்றார் மேடம்.

சிரித்தார்கள்.

"இந்த அக்காவுக்கு?"

மேடம் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இவளுக்கு எதுக்குட்டி? ஒன்பதாங் கிளாஸ்ல ஒரு டீச்சர் திட்டுனான்னு பள்ளிக்கூடத்தையே விட்டுட்டு ஓடுனவ. இவளைக் கூண்டுக்குள்ள போட்டா இவ கடிக்கவும் மாட்டா, கடிச்சா கத்தவும் மாட்டா. பொறக்கும்போதே மருந்து போட்டு அனுப்பிட்டாங்க."

மறுபடியும் சிரித்தார்கள். மணி அடித்தது. மாணவிகள் போனார்கள்.

மேடம் தாளில் ஆறு பூஜ்யம் போட்டார். ஒவ்வொன்றையும் அழகாகப் போட்டார்.

"மேடம்."

"என்னட்டி?"

"மேல்தட்ட நான் நேத்து கழுவிட்டேன்."

பேனா நின்றது.

"எத்தன கூண்டு?"

"ஆறும்."

"உமி?"

"மாத்திட்டேன்."

கீழ்த்தட்டில் ஒருவன் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். 

மேடம் எழுந்தார். அடிக்க வருகிறார் என்று அவள் நினைத்தாள். நகரவில்லை.

மேடம் அவளைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

கைப்பேசி ஒலித்தது. மேடம் காதில் வைத்தார். சரி சார், சரி சார் என்றார். வைத்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழம சார் நேர்ல வந்து பார்க்காராம்."



மேடத்தின் குரல் இறங்கியது. இத்தனை நாளில் அவள் கேட்டிராத குரல்.

"இங்க பாரும்மா. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மேல்தட்ட மட்டும் கழுவிரு. உமியும் மாத்திரு. கீழ தொடாத. என்ன?"

இதுவரை 'ட்டி'. இப்போது அம்மா.

"சரி மேடம்."

மேடம் மூச்சு விட்டார்.

"எழுதிக் குடுங்க."

"என்னது?"

"படிக்காதவ மேடம். வாயால சொன்னா மறந்துரும். மேல்தட்ட மட்டும் கழுவணும்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

மேடம் அவளைப் பார்த்தார். இந்த முறை மேலிருந்து கீழ்வரை அல்ல. கண்ணை மட்டும்.

பேனாவை எடுத்தார். வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.