187-ஆவது கிலோமீட்டர்

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். ஆற்றோரமாகவே கடல்வரை சைக்கிளில் போகலாம் என்று என்னை இழுத்து வந்தவர், இரண்டு சைக்கிளிலும் ஓடிய தூரம் காட்டும் ஒரே மாதிரி மீட்டர் மாட்டினார். தினமும் சாயங்காலம் ஒப்பிட்டுப் பார்ப்பார். என்னுடையதில் நூறு மீட்டர் கூடியிருந்தால், "நேரா ஓட்டக்கூடத் தெரியாதா?" என்பார். அந்த மனுஷன் கண்ணில் ஆறு ஒரு நாளும் பட்டதில்லை.

மூன்றாம் நாள் முகம் கழுவப் படித்துறையில் இறங்கினார். இரண்டு மீட்டரிலும் 187. அரை மணியாகியும் ஏறி வரவில்லை.

"மெதுவா வாங்க, மகராசா" என்று கத்திவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

அன்றிரவு தங்கவேண்டிய லாட்ஜ் வாசலில் எனக்கு முன்பே சைக்கிளோடு நின்றிருந்தார், தலை சொட்டச் சொட்ட.

"துவட்டிவிடவும் நான்தான் வரணுமா?" என்றேன். அதன்பிறகு மீட்டர் பேச்சே இல்லை. விட்டது சனியன் என்றிருந்தேன்.

ஏழாம் நாள் கடல் வந்தது. என் மீட்டரில் 412. அவருடையதில் 187.

"மிச்சத்த யாரு ஓட்டினாங்க, வாத்தியாரே?"

"மீட்டர் ரிப்பேர்."

அவர் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். எண் ஒழுங்காக நகர்ந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். நாலு நாள் வெயிலில் வந்தவரின் தலையிலிருந்து, காய்ந்த மணலில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.